மைக் பட்டனை அழுத்துமுன்: ஹாம் வானொலியில் பேசும் முறை

கேள்வி: ஹாம் வானொலிக்கான (தனிநபர் பொழுதுபோக்கு வானொலி) வி.யு.3 கால்சைன் (நிலையத்தின் அடையாளக் குறி) கைக்கு வந்துவிட்டது, 5 வாட் ஹேண்டியும் (கையடக்கக் கருவி) வாங்கியாயிற்று. உள்ளூர் ரிப்பீட்டரில் (வந்த சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், ஆனால் பட்டனை அழுத்தக் கை வரமாட்டேன் என்கிறது. முதலில் என்ன சொல்ல வேண்டும்? 'ஓவர்', 'ரோஜர்', 'க்யூ.எஸ்.எல்.' எல்லாம் எப்போது? நாளை எச்.எஃப். (தொலைதூரம் எட்டும் சிற்றலை) பக்கம் போனால் முறை மாறுமா? தமிழில் பேசலாமா?

பதில்:

இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற முறைகள் பெரும்பாலும் தாமாகவே பிடிபடும். ஒன்று, நீங்கள் பேசும்போது உங்களுக்குக் காது கிடையாது. பட்டன் அழுத்தியிருக்கும் வரை ரிசீவர் மூடியே இருக்கும். எதிரே யார் கத்தினாலும் தெரியாது. இரண்டு, எந்த அலைவரிசையும் யாருக்கும் சொந்தமில்லை. தொலைபேசியில் இந்த இரண்டு சிக்கலும் இல்லாததால்தான் அதில் பேசுகிற மாதிரி இதில் பேச முடிவதில்லை.

நீங்கள் கேட்டுக்கொண்டே இருப்பது நல்ல பழக்கம்தான், இன்னும் சில நாள் கேளுங்கள். ஆனால் கேட்கிற நேரத்தில் ஹேண்டியின் அமைப்பைச் சரிபார்த்துவிடுங்கள். 2 மீட்டர் அலைநீள ரிப்பீட்டர்களில் வழக்கமான ஆஃப்செட் (கேட்கும் அலைவரிசைக்கும் அனுப்பும் அலைவரிசைக்கும் உள்ள வித்தியாசம்) மைனஸ் 600 கிலோஹெர்ட்ஸ்: 145.700 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறீர்கள் என்றால் 145.100-ல் அனுப்ப வேண்டும். ரிப்பீட்டருக்கு டோன் தேவை என்றால் சி.டி.சி.எஸ்.எஸ். டோனையும் (ரிப்பீட்டரைத் திறக்கும் தாழ்வான ஒலி) சரியாக வைக்க வேண்டும். "எல்லோரையும் கேட்கிறது, எனக்கு மட்டும் பதில் வரவில்லை" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த இரண்டில் ஒன்று. சோதிப்பதற்காகப் பெயர் சொல்லாமல் பட்டனைத் தட்டித் தட்டி ரிப்பீட்டரை எழுப்பிப் பார்க்காதீர்கள். கேட்டுக்கொண்டிருக்கும் அத்தனை பேருக்கும் 'டப், டப்' என்ற எரிச்சல் மட்டும்தான் போய்ச் சேரும். சோதனை என்றாலும் கால்சைன் சொல்லித்தான் செய்ய வேண்டும்.

முதல் அழைப்பு மிகச் சின்னது. ரிப்பீட்டரில் யாரும் பேசவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, பட்டனை அழுத்தி, அரை நொடி பொறுத்து, இப்படிச் சொல்லுங்கள் (வி-க்கு விக்டர், யு-க்கு யூனிஃபார்ம் என எழுத்துக்கு ஒரு சொல்; இங்கே வரும் கால்சைன்களின் கடைசி மூன்று எழுத்து வெறும் மாதிரி):

"விக்டர் யூனிஃபார்ம் த்ரீ எக்ஸ்ரே எக்ஸ்ரே எக்ஸ்ரே, கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

அவ்வளவுதான். 'சி.க்யூ. சி.க்யூ.' ('யாராவது பதில் தாருங்கள்' என்ற பொது அழைப்பு) என்று நீட்டி முழக்குவது எச்.எஃப்.-க்கு உரியது. அங்கே ஒருவர் டயலைத் திருப்பிக்கொண்டே வரும்போது உங்கள் குரல் மாட்ட வேண்டும், அதனால் நீளம் தேவை. ரிப்பீட்டரில் எல்லோரும் ஏற்கெனவே அதே அலைவரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பதில் வந்தால் வரிசை இப்படிப் போகும்:

"விக்டர் யூனிஃபார்ம் த்ரீ எக்ஸ்ரே எக்ஸ்ரே எக்ஸ்ரே, இது விக்டர் யூனிஃபார்ம் டூ யாங்கி யாங்கி யாங்கி. வணக்கம் ஓ.எம்., வாங்க. குரல் தெளிவா இருக்கு, பின்னாடி கொஞ்சம் இரைச்சல். எங்கிருந்து பேசறீங்க? ஓவர்."

"விக்டர் யூனிஃபார்ம் டூ யாங்கி யாங்கி யாங்கி, இது விக்டர் யூனிஃபார்ம் த்ரீ எக்ஸ்ரே எக்ஸ்ரே எக்ஸ்ரே. வணக்கம் சார். திருச்சியிலிருந்து, மொட்டை மாடியில் 5 வாட் ஹேண்டி. இது என் முதல் தொடர்பு. ஓவர்."

அவர் கால்சைன் முதலில், உங்களுடையது பின்னால். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. கவனிக்காமல் வேறு வேலை செய்துகொண்டிருப்பவர் தன் கால்சைன் காதில் விழுந்ததும்தான் நிமிர்கிறார். அதற்குப் பிறகு வருவதுதான் அவர் மனதில் பதியும். மாற்றிச் சொன்னால், யார் கூப்பிட்டது என்பது அவர் நிமிர்வதற்குள் ஓடிப்போய்விடும். 'ஓ.எம்.' என்பது 'ஓல்டு மேன்'; வயதைக் குறிப்பதல்ல, ஹாம் வழக்கில் அன்பான விளி. வயதில் பெரியவர் என்று தெரிந்தால் 'சார்' போடுவது நம் ஊர்ப் பழக்கம், தவறில்லை.

ஒவ்வொரு முறையும் கால்சைனைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமா? தொடக்கத்திலும் முடிவிலும் கட்டாயம், இடையில் அவ்வப்போது. சர்வதேச வானொலி விதிகள் 'குறுகிய இடைவெளிகளில்' என்கின்றன. அமெரிக்க விதி 10 நிமிடத்துக்கு ஒரு முறை என்று எண் போட்டே சொல்கிறது. அந்த 10 நிமிடத்தை ஒரு நல்ல அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். வாக்கியத்துக்கு ஒரு முறை சொன்னால் கேட்பவர் காது புளித்துவிடும்.

இனி ரிப்பீட்டரில் பேசும் வேகம். புதியவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். பட்டனை அழுத்தியதும் உங்கள் ஹேண்டி அலையை அனுப்ப வேண்டும், ரிப்பீட்டர் டோனை அடையாளம் கண்டு தன் டிரான்ஸ்மிட்டரைத் திறக்க வேண்டும், கேட்பவரின் ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைத்துவைக்கும் அமைப்பு) திறக்க வேண்டும். இதற்கெல்லாம் சேர்ந்து அரை நொடி ஆகும். அழுத்தியதும் பேசினால் 'விக்டர் யூனிஃபார்ம்' போய், வெறும் 'ஃபார்ம் த்ரீ' தான் போய்ச் சேரும். அதேபோல எதிராளி முடித்ததும் பாய்ந்து பேசாமல் ஒன்றிரண்டு நொடி விடுங்கள். அந்த இடைவெளி அவசரமாக உள்ளே வர வேண்டிய மூன்றாமவருக்காக. அது கிடைக்காவிட்டால், விபத்து நடந்த இடத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டாலும் உங்கள் இருவருக்கும் தெரியவே தெரியாது.

பெரும்பாலான ரிப்பீட்டர்களில் டைம்-அவுட் டைமர் உண்டு, பரவலாக 3 நிமிடம். அதைத் தாண்டிப் பேசினால் ரிப்பீட்டர் வாயை மூடிக்கொள்ளும். நீங்கள் மட்டும் காற்றோடு பேசிக்கொண்டிருப்பீர்கள். சில ரிப்பீட்டர்களில் பேச்சு முடிந்ததும் வரும் 'பீப்' ஒலிக்குப் பிறகுதான் டைமர் பூஜ்யத்துக்குத் திரும்பும். பீப் வருமுன் அடுத்தவர் பேசினால் முந்தையவரின் கணக்கு அவர் தலையில் விழும். இதே டைமர்தான் இன்னொரு தொல்லையிலிருந்தும் காப்பாற்றுகிறது: கார் சீட்டின் இடுக்கில் மைக் சிக்கி பட்டன் அழுந்தியபடியே கிடப்பது. அந்தக் காரில் ஓடும் பாட்டும் வீட்டுப் பேச்சும் ஊருக்கே கேட்கும், ஆனால் அவரிடம் சொல்ல வானொலியில் வழியில்லை, ரிசீவர் மூடியிருக்கிறதே. யாராவது அவர் கைப்பேசிக்குத்தான் அழைக்க வேண்டும்.

ஒலியின் தரத்துக்கு ஒரு வார்த்தை. மைக்கை வாயிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தள்ளி, சற்றுச் சாய்வாகப் பிடித்து, சாதாரணக் குரலில் பேசுங்கள். கத்தினால் தூரம் போகாது, எஃப்.எம்.-இல் (ரிப்பீட்டரில் வழங்கும் முறை) ஒலியின் உச்சிகள் வெட்டுப்பட்டு உடைந்து கேட்கும், எஸ்.எஸ்.பி.-இல் (எச்.எஃப்.-இல் குரலுக்கு வழங்கும் ஒற்றைப் பக்கப் பட்டை முறை) பக்கத்து அலைவரிசைக்காரர் மீது சிதறும். ஹேண்டியின் ஆன்டெனா செங்குத்தாக நிற்கட்டும். குரல் விட்டு விட்டு வருகிறது என்றால் ஓரடி நகர்ந்து பாருங்கள். கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் புள்ளியில் நீங்கள் நின்றிருக்கலாம்.

சொற்களுக்கு வருவோம். 'ஓவர்' என்றால் 'நான் முடித்தேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்'. 'அவுட்' என்றால் 'முடிந்தது, பதில் வேண்டாம்'. ஆகவே சினிமாவில் வருகிற 'ஓவர் அண்ட் அவுட்' அர்த்தமற்றது: பதில் சொல், பதில் சொல்லாதே. பீப் போடும் ரிப்பீட்டரில் 'ஓவர்' இல்லாமலும் ஓடும், எச்.எஃப். இரைச்சலில், அல்லது மூன்று பேர் சேர்ந்து பேசும்போது, அவசியம். மூன்று பேர் என்றால் வெறும் 'ஓவர்' போதாது, அடுத்து யார் என்று கால்சைனோடு கைகாட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, எஃப்.எம்.-இல் 'கிர்ர்' என்ற கூச்சல் மட்டும் வரும்.

'ரோஜர்' என்பதன் பொருள் 'நீங்கள் சொன்னது முழுவதும் வந்து சேர்ந்தது' என்பது மட்டுமே. 'ஆமாம்' என்றோ 'ஒத்துக்கொள்கிறேன்' என்றோ பொருள் இல்லை. "நாளைக்கு ஆன்டெனா ஏற்ற வருவீங்களா?" என்ற கேள்விக்கு 'ரோஜர்' என்று பதில் சொன்னால், கேள்வி காதில் விழுந்தது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். பாதி கேட்காமலே 'ரோஜர் ரோஜர்' என்று சொல்லிவிட்டு, பிறகு 'உங்க பேர் என்ன சொன்னீங்க?' என்று கேட்பவர்கள் எல்லா ரிப்பீட்டரிலும் உண்டு. வராததை வரவில்லை என்றே சொல்லுங்கள்: "கால்சைனின் கடைசி எழுத்து வரவில்லை, மறுபடி சொல்லுங்கள்". எது வரவில்லை என்று குறிப்பிட்டால் அவர் அதை மட்டும் திருப்பிச் சொல்வார், நேரம் மிச்சம்.

க்யூ குறிகள் தந்திக் காலத்துச் சுருக்கெழுத்து. 1912-இல் லண்டனில் நடந்த சர்வதேச மாநாட்டிலேயே ஒரு பட்டியல் ஏற்கப்பட்டது. மோர்ஸில் மூன்று எழுத்தில் ஒரு வாக்கியத்தை அடக்குவதால் அங்கே அவை பொன். குரலில் சில மட்டும் உழைக்கின்றன: க்யூ.ஆர்.எம். (மற்ற நிலையங்களின் குறுக்கீடு), க்யூ.ஆர்.என். (இடி மின்னல் போன்ற இயற்கை இரைச்சல்), க்யூ.எஸ்.பி. (சிக்னல் ஏறி இறங்குவது, இங்கே கடைசி எழுத்து பிராவோ), க்யூ.எஸ்.ஒய். (அலைவரிசை மாறுகிறேன்), க்யூ.ஆர்.டி. (நிலையத்தை மூடுகிறேன், கடைசி எழுத்து டாங்கோ). 'என் க்யூ.டி.ஹெச். (இருக்குமிடம்) திருச்சி' என்பதைவிட 'திருச்சியிலிருந்து பேசுகிறேன்' என்பது எனக்குப் பிடிக்கும், இரண்டும் செல்லும். ஆனால் 'க்யூ.எஸ்.எல்.'-ஐ ஆமாம், சரி, அப்படியா, நன்றி என்று எல்லாவற்றுக்கும் கறிவேப்பிலையாகப் போடாதீர்கள். 'பெற்றுக்கொண்டேன்' என்பதே அதன் பொருள். விடைபெறும்போது சொல்லும் '73'-க்கு 'நல்வாழ்த்துகள்' என்று பொருள். அதுவே பன்மை, 'செவன்டி த்ரீஸ்' என்று இன்னொரு பன்மை ஒட்ட வேண்டியதில்லை. '88' என்பது 'அன்பு முத்தங்கள்', யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மேலே 'கடைசி எழுத்து பிராவோ', 'டாங்கோ' என்று எழுத வேண்டி வந்ததைக் கவனித்திருப்பீர்கள். தமிழில் எழுதினால் ஆங்கில B-யும் P-யும் ஒரே 'பி', D-யும் T-யும் ஒரே 'டி'. வானொலியிலும் இதே கதைதான், எந்த மொழிக்காரருக்கும். குரல் அலைவரிசை சுமார் 300 முதல் 2,700 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தப்படுகிறது. 'எஸ்', 'எஃப்' இரண்டையும் பிரித்துக் காட்டும் உரசல் ஒலி பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால் வடிகட்டியிலேயே நின்றுவிடுகிறது. 'எம்', 'என்' இரண்டும் இரைச்சலில் ஒன்றாகிவிடும். அதனால்தான் ஆல்ஃபா, பிராவோ, சார்லி. 1956 முதல் விமானத் துறையில் இப்போதைய வடிவில் நடைமுறையில் இருக்கும் பட்டியல் அது. அதையே பயன்படுத்துங்கள், 'எம் ஃபார் மதுரை' என்று சொந்தமாக உருவாக்கினால் ஜப்பானில் கேட்பவர் மதுரையை எந்த எழுத்தில் போடுவார்? எச்.எஃப்.-இல் 'கோல்ஃப்'-க்குப் பதில் 'ஜெர்மனி', 'ரோமியோ'-வுக்குப் பதில் 'ரேடியோ' என்று பழைய கைகள் சொல்வதைக் கேட்பீர்கள். சின்னச் சொல் இரைச்சலில் தொலைந்துபோனால் மாற்றுச் சொல் கைகொடுக்கும். முதல் முறையே அதைச் சொல்லத் தேவையில்லை.

எண்களை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுங்கள். தமிழில் அறுபது, எழுபது, எண்பது மூன்றும் 'பது' என்று முடிகின்றன. முதல் அசையை இரைச்சல் விழுங்கினால் மூன்றும் ஒன்று. 'ஏழு, பூஜ்யம்' என்றால் குழப்பமில்லை. ஆங்கிலத்தில் 'ஃபைவ்', 'நைன்' இரண்டிலும் ஒரே உயிரொலி, அதனால்தான் சிலர் 'நைனர்' என்கிறார்கள்.

சிக்னல் அறிக்கை பற்றி. குரலில் இரண்டு எண்: தெளிவு 1 முதல் 5, வலிமை 1 முதல் 9. '59' என்றால் முழுத் தெளிவு, நல்ல வலிமை. எச்.எஃப்.-இல் எஸ்-9 என்பது 50 ஓம் உள்ளீட்டில் 50 மைக்ரோவோல்ட். ஒவ்வோர் எஸ் படியும் 6 டெசிபெல் என்பது கணக்கு, மலிவான கருவிகளின் மீட்டர் அந்தக் கணக்கைப் பின்பற்றுவதில்லை. ரிப்பீட்டர் வழியாக ஒருவருக்கு '59' கொடுப்பதோ அர்த்தமே இல்லாதது. உங்கள் மீட்டர் காட்டுவது ரிப்பீட்டரின் வலிமையை. அவருடைய சிக்னல் ரிப்பீட்டருக்கு எப்படிப் போகிறது என்பதை அவர் குரலுக்குப் பின்னால் இருக்கும் இரைச்சல்தான் சொல்லும். 'இரைச்சலே இல்லை', 'கொஞ்சம் இரைச்சல், ஆனால் புரிகிறது', 'உடைகிறது' — இந்த மூன்றும் அவருக்கு எண்களைவிடப் பயன்படும்.

இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் சேர வேண்டுமா? அவர்கள் விடும் இடைவெளியில் உங்கள் கால்சைனை மட்டும் ஒரு முறை சொல்லிவிட்டுக் காத்திருங்கள். 'பிரேக், பிரேக்' என்பதை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த இருவரின் பேச்சில் சேர்க்க உங்களிடம் ஏதாவது இருந்தால்தான் உள்ளே போக வேண்டும். 'கேட்கிறதா' என்று பார்ப்பதற்கு அது நேரமில்லை.

எச்.எஃப்.-இல் அடிப்படை அதேதான், ஆனால் ஒரு பெரிய வேறுபாடு: ஒரு அலைவரிசை அமைதியாக இருப்பதாக உங்களுக்குத் தோன்றினாலும் அது காலியாக இருக்க வேண்டியதில்லை. 14 மெகாஹெர்ட்ஸில் சென்னைக்காரருக்கு மதுரை பெரும்பாலும் கேட்காது; தரையலை அங்கே எட்டாது, வானிலிருந்து மடங்கி வரும் அலை மதுரையைத் தாண்டித்தான் இறங்கும். மதுரைக்காரர் அப்போது ஜப்பானோடு பேசிக்கொண்டிருக்கலாம். ஆகவே அரை நிமிடமாவது கேட்டுவிட்டு, "இந்த அலைவரிசை பயன்பாட்டில் உள்ளதா?" என்று ஆங்கிலத்தில், கால்சைனோடு, இரண்டு முறை கேளுங்கள். நடுவே சில நொடி இடைவெளி விடுங்கள். மோர்ஸில் இதற்கு 'க்யூ.ஆர்.எல்.?' என்று அனுப்புவார்கள். பதில் 'யெஸ்' என்றால் மன்னிப்புக் கேட்டு வாதாடாமல் நகருங்கள். பிறகுதான் "சி.க்யூ. சி.க்யூ. சி.க்யூ." என்று தொடங்கி, கால்சைனை ஒலிப்பெயரில் (விக்டர், யூனிஃபார்ம் என்று) இரண்டு மூன்று முறை சொல்லி, நிறுத்தி, கேட்பது. ஒரு நிமிடம் மூச்சுவிடாமல் அழைப்பவருக்குப் பதில் சொல்லக் காத்திருந்தவர் அலுத்துப்போய் நகர்ந்துவிடுவார்.

ஆன்டெனாவை ட்யூன் செய்வது இன்னொரு பாவம். யாரோ பேசும் இடத்தில் 'ஊஊ' என்று கேரியர் (குரலில்லாத வெறும் அலை) விடாதீர்கள். காலியான இடத்துக்குப் போய், 10 வாட்டுக்குக் குறைத்து, கால்சைன் சொல்லி, சில நொடிகளில் முடியுங்கள். 14.100 மெகாஹெர்ட்ஸ் காலியாகத் தெரிந்தாலும் அங்கே அனுப்பவே கூடாது: உலகெங்கும் 18 பீக்கன்கள் (அலை எங்கெங்கே எட்டுகிறது என்று அறிய உதவும் தானியங்கி நிலையங்கள்) தலா 10 நொடி முறைவைத்து அனுப்பும் இடம் அது, அதில் ஒன்று கொழும்பில் இருக்கிறது. விளிம்பிலும் கவனம் தேவை. 14 மெகாஹெர்ட்ஸில் மேல்பக்கப் பட்டை (யு.எஸ்.பி.) என்பதால் டயல் காட்டுவதற்கு மேலே சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் உங்கள் குரல் பரவும். டயல் 14.350 காட்டினால் நீங்கள் ஏற்கெனவே எல்லைக்கு வெளியே.

அரிதான நாட்டு நிலையம் ஒன்று தோன்றினால் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். அதுதான் பைல்-அப். அந்த நிலையம் "ஃபைவ் டு டென் அப்" என்றால், 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் மேலே கூப்பிடுங்கள் என்று பொருள்: 14.195-ல் அவர் பேசுகிறார், 14.200 முதல் 14.205 வரை கேட்கிறார். கருவியில் ஸ்ப்ளிட் (கேட்பதும் அனுப்புவதும் வெவ்வேறு அலைவரிசையில்) போட்டு, கேட்பது ஏ டயலில், அனுப்புவது பி டயலில். ஸ்ப்ளிட் போட மறந்து அவர் அலைவரிசையிலேயே கூப்பிட்டால் அவரைக் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் அவர் மறைந்துவிடுவார். உடனே நாலு பேர் அதே இடத்தில் வந்து 'அப்! அப்!' என்று கத்துவார்கள். தவறு செய்தவரைவிட இந்தக் 'காவலர்கள்' செய்யும் சேதம் அதிகம். கடைசியாக அவர் யாருக்குப் பதில் சொன்னார், அந்த ஆள் எங்கே அனுப்பினார் என்று கண்டுபிடித்து, அங்கே அல்லது சற்றே மேலே, முழுக் கால்சைனை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். பின்னொட்டின் கடைசி இரண்டு எழுத்தை மட்டும் சொல்லாதீர்கள், மீதியைக் கேட்க அவர் இன்னொரு சுற்று செலவழிக்க வேண்டும். "கிலோ என்று முடியும் நிலையம்?" என்று அவர் கேட்கும்போது உங்கள் கால்சைனில் கிலோவே இல்லை என்றால் வாயைத் திறக்காதீர்கள். உங்களையே கூப்பிட்டுவிட்டாரா? "ஃபைவ் நைன், தேங்க் யூ", அவ்வளவுதான். வரிசையில் நிற்பவர்களை வைத்துக்கொண்டு ஊர், வானிலை, ஆன்டெனா கதை வேண்டாம்.

நெட் என்பது ஒருவர் நடத்தும் கூட்டம். நடத்துபவர் நெட் கன்ட்ரோல். அவர் கேட்கும்போது கால்சைன் மட்டும் சொல்லிப் பதிவுசெய்யுங்கள், செய்தி இருந்தால் 'டிராஃபிக் உள்ளது' என்று சேருங்கள், போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள். வழக்கமான நெட்டில் இது சம்பிரதாயம் போலத் தோன்றும். பேரிடரில் இதன் அருமை தெரியும். 2004 டிசம்பரில் அந்தமானிலிருந்து ஒலிபரப்பப் போர்ட் பிளேருக்குப் போயிருந்த பாரதி பிரசாத் தலைமையிலான குழு, 26-ஆம் தேதி சுனாமி வந்ததும் வழக்கமான தொடர்புகளை விட்டுவிட்டு அவசரச் செய்திப் போக்குவரத்தை நடத்தியது. அப்படிப்பட்ட நேரத்தில் உதவ ஆசைப்படுபவர் செய்யக்கூடிய முதல் உதவி, கூப்பிடாமல் இருப்பது. கேட்டுக்கொண்டே இருந்து, நெட் கன்ட்ரோலுக்கு எட்டாத நிலையம் உங்களுக்குக் கேட்டால் மட்டும் 'ரிலே' என்று சொல்லிக் கைகொடுங்கள். செய்தியைச் சுருக்காதீர்கள், திருத்தாதீர்கள். வந்த சொற்களை அப்படியே எழுதி, திருப்பி வாசித்துக் காட்டி, நேரத்தோடு அடுத்தவருக்குக் கொடுங்கள். தனியாக ஒரு 'மேடே' (உயிராபத்து) அழைப்பு காதில் விழுந்தாலும் முதலில் எழுதுங்கள். வேறு யாரும் பதில் தரவில்லை என்றால் நீங்கள் பதில் சொல்லி, இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் என்ற வரிசையில் வாங்கி, 112-ஐ அழையுங்கள். இடம் முதலில், ஏனென்றால் பேட்டரி எப்போது சாகும் என்று தெரியாது.

தமிழில் தாராளமாகப் பேசலாம். நாட்டு விதிகளும் சர்வதேச விதிகளும் தடுப்பது சங்கேத மொழியை, தாய்மொழியை அல்ல. கால்சைன் மட்டும் எல்லோருக்கும் புரியும் ஒலிப்பெயரில் இருக்கட்டும். கேரளத்திலிருந்தோ ஆந்திரத்திலிருந்தோ மூன்றாமவர் சேர்ந்தால் பொது மொழிக்கு மாறுவது மரியாதை. நம் நாட்டு அமெச்சூர் விதிகளில் தடைசெய்யப்பட்டவை: வியாபாரப் பேச்சு, விளம்பரம், பாட்டு, வானொலி நிகழ்ச்சி மறுஒலிபரப்பு, அரசியல் சர்ச்சை. பழைய கருவியை விற்கிறேன் என்று இன்னொரு ஹாமிடம் ஒரு வரி சொல்வதைப் பலர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. விலை பேரம் தொலைபேசிக்குப் போகட்டும்.

தொடர்பு முடிந்ததும் பதிவேட்டில் எழுதுங்கள்: தேதி, நேரம், அலைவரிசை, முறை, அவர் கால்சைன், இரு அறிக்கைகள். எச்.எஃப். தொடர்புகளுக்கு நேரம் யு.டி.சி.-இல் (உலகப் பொது நேரம்) இருக்க வேண்டும், நம் நேரத்திலிருந்து 5.30 மணி குறைத்து. இதில் தேதிதான் காலை வாரும். ஜனவரி 1 காலை 4.30-க்குப் பேசியது, பதிவேட்டில் டிசம்பர் 31, 23.00. புது ஆண்டுத் தேதியைப் போட்டு க்யூ.எஸ்.எல். அட்டை (தொடர்பை உறுதிசெய்யும் அஞ்சலட்டை) அனுப்பினால், எதிராளியின் பதிவேட்டில் உங்கள் பெயர் இருந்தும் அட்டை பொருந்தாமல் திரும்பி வரும்.